ஓடர் வந்திருக்கு

2024 மே முதலாம் திகதி, தலவாக்கலைக்குப் பக்கத்துக் கொட்டகலையில் மே தின மேடை. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் இனி 1700 ரூபா என்று அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அங்கே அறிவித்தார். 1350 ரூபா அடிப்படைச் சம்பளம், 350 ரூபா விசேட கொடுப்பனவு. வெறும் மேடைப்பேச்சு இல்லை, ஏப்ரல் 30 திகதியிட்ட அதிவிசேட வர்த்தமானியும் இருந்தது. பெருந்தோட்டக் கம்பனிகள் வழக்குப் போட்டன. ஜூலை 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை வழியாக 1350 ரூபா என்று இன்னொரு வர்த்தமானி வந்தது.

இந்த நாலு மாசத்தில் நம்ம ஊர்களில் நடந்த பேச்சை ஞாபகப்படுத்திப் பாருங்கள். மே மாசம் "1700 வந்திருச்சு" என்றார்கள். ஜூலையில் "கோர்ட்டு 1700 கிடையாதுன்னு சொல்லிருச்சு" என்றார்கள். இரண்டுமே நடக்கவில்லை. வர்த்தமானி ஒரு கட்டளை, அது காசு இல்லை. இடைக்காலத் தடை என்பது "வழக்கு முடியிற வரைக்கும் இதை நடைமுறைப்படுத்தாதே" என்ற உத்தரவு. 1700 நியாயமா இல்லையா என்று அந்தத் தாளில் யாரும் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் மாசக் கடைசியில் சம்பளச் சிட்டையைக் கையில் வாங்கிய ஆளுக்கு இந்த வித்தியாசத்தால் ஒரு ரூபாகூடக் கூடவில்லை. "கோர்ட்டு இல்லன்னுருச்சு" என்று அவர் சொன்னது சட்டப்படி தப்பு. அனுபவப்படி அதைத் தப்பென்று சொல்வது கஷ்டம்.

இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது. ஒரு உத்தரவுக்கோ தீர்ப்புக்கோ இரண்டு அர்த்தம் இருக்கிறது. ஒன்று, தாளில் எழுதியிருப்பது. மற்றது, அந்தத் தாள் மலையேறி வந்து சேர்ந்தபிறகு நடப்பது. நம்ம சமூகத்தின் வரலாற்றில் பெரிய அடிகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விழுந்திருக்கின்றன. அதிலும் ஒரு வழக்கு, இந்த இடைவெளியே வாதமாக லண்டன்வரை போய்த் தோற்ற வழக்கு. அதை நாங்கள் சேர்ந்து படித்ததை இங்கே எழுதுகிறோம்.

துண்டு

முதலில் ஒரு சின்னத் தாள். தோட்டத்தில் கட்டளை என்றால் ஆரம்பத்தில் அது வாய்ச்சொல்தான். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நின்று துரை சொல்வார், கணக்கப்பிள்ளை பிரிப்பார், கங்காணி கூட்டிக்கொண்டு போவார். "தொர ஓடரு" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

எழுத்தில் வந்த கட்டளைகளில் மிகவும் பேர்போனது "துண்டு". தொழிலாளிக்குக் கங்காணியிடம் கடன் இருக்கும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துரை ஒரு துண்டுக் காகிதம் எழுதுவார்: இத்தனை ரூபா கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன். அந்தத் தொகையைக் கட்டுகிற தோட்டம் ஆளையும் கடனையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்.

எழுத்தை மட்டும் படித்தால் துண்டு ஒரு விடுதலைப் பத்திரம். "விடுவிக்கிறேன்" என்றுதானே எழுதியிருக்கிறது? கையில் வைத்திருந்தவருக்கோ அது தன் தலைக்கு எழுதிய விலை. போகிற தோட்டத்தில் அதே கடன் அவருக்காகக் காத்திருக்கும். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் துண்டு முறையை ஒழித்தது. "விடுவிப்பு" என்ற சொல்லை விட்டுவிட்டு, அந்தத் தாளால் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தபிறகுதான் அதை ஒழிக்க முடிந்தது.

ஒரு வெள்ளைக்காரருக்கு வந்த ஓடர்

அடுத்தது 1937. மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் ஒரு ஆங்கிலேய இளைஞர். ஆஸ்திரேலியாவிலிருந்து 1936இல் இலங்கைக்கு வந்து, மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னத்துரையாகத் தொழில் பழகச் சேர்ந்தார். தொழிலாளர் பக்கம் பேசினார் என்று தோட்டத்தை விட்டு அனுப்பப்பட்டார். அப்புறம் லங்கா சமசமாஜக் கட்சியோடு சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாயா பேசிய கூட்டம் அது. அங்கே, மலையில் தெரிந்த தோட்டங்களைப் பார்த்தபடி, ஒரு வெள்ளைக்காரர் துரைமாருக்கு எதிராகப் பேசினார். அன்றைய தோட்டத்துரைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏப்ரல் 22ஆம் திகதி, தேசாதிபதி ரெஜினோல்ட் ஸ்டப்ஸ் கையெழுத்திட்ட நாடுகடத்தல் உத்தரவு அவர் கைக்கு வந்தது. இரண்டு நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும். அவர் போகவில்லை, ஒளிந்துகொண்டார். மே மாதம் காலிமுகத்திடல் கூட்டத்தில் மேடையில் தோன்றினார். பிறகு கைது செய்யப்பட்டார். ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

தேசாதிபதி காட்டிய அதிகாரம் 1896ஆம் ஆண்டின் ஒரு அரச கட்டளையில் இருந்தது. எழுத்தைப் பார்த்தால் ரொம்ப அகலமான அதிகாரம்: யாரையும் நாட்டை விட்டுப் போகச் சொல்லலாம். பிரதம நீதியரசர் சிட்னி ஏப்ரஹாம்ஸ் தலைமையில் இருந்த நீதிமன்றம் அங்கே நிற்கவில்லை. இந்தக் கட்டளை எதற்காக எழுதப்பட்டது என்று கேட்டது. அது அவசரநிலைக்கு எழுதப்பட்டது, அமைதிக் காலத்தில் தனக்குப் பிடிக்காததைப் பேசுகிற ஆளைத் துரத்துவதற்கு அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. மே 18ஆம் திகதி பிரேஸ்கேர்டில் வெளியே வந்தார்.

தேசாதிபதி கையெழுத்திட்டால் அதோடு கதை முடிந்தது என்று இருந்த ஒரு நாட்டில், நீதிமன்றம் கையெழுத்தையும் சொற்களையும் தாண்டி நோக்கத்தைப் படித்துக் காட்டியது. அப்படிப் படிக்க முடியும் என்று இங்கேயே, தோட்டத்துச் சண்டை ஒன்றிலேயே, நிரூபணமாகிவிட்டது. அடுத்த வழக்கை இதை மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

பேர் சொல்லாத சட்டம்

1947 பொதுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் சி. வி. வேலுப்பிள்ளை வென்றார். கவிஞர், எழுத்தாளர், தொழிற்சங்கவாதி என்று நாம் அறிந்த அதே சி.வி.தான். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். கொழுந்து எடுக்கிற கை ஓட்டுப் போட்டு, தன் பேச்சைப் பேசுகிற ஆளைக் கொழும்புக்கு அனுப்பிய தேர்தல் அது.

1948 பெப்ரவரியில் சுதந்திரம். அதே ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இலங்கையில் பிறந்திருந்தாலே போதாது. உங்கள் அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது அப்பாவழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். 1949இல் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வந்தது. பிரஜை அல்லாதவர் பேர் வாக்காளர் இடாப்பில் இருக்க முடியாது என்றது.

இந்த இரண்டு சட்டத்தையும் வரி வரியாகப் படித்தால், வாக்குரிமையை எடுக்கிற இடத்தில் "இந்தியர்" என்றோ "தமிழர்" என்றோ "தோட்டத் தொழிலாளர்" என்றோ வராது. எல்லாருக்கும் ஒரே அளவுகோல் மாதிரித்தான் இருக்கும். ஆனால் கண்டியிலோ காலியிலோ பரம்பரையாக இருக்கிற ஒருவரிடம் போய் "உன் அப்பா எங்கே பிறந்தார், காட்டு" என்று யாரும் கேட்கப்போவதில்லை. கேள்வி லயத்தில்தான் கேட்கப்படும். அப்பா இங்கேதான் பிறந்தார் என்று தெரிந்தவரிடமும் அதற்கான தாள் இருக்காது.

அதே 1949இல் இன்னொரு சட்டம், 3ஆம் இலக்கம். இதன் பேரிலேயே "இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்" என்று இருக்கிறது. விண்ணப்பம் போட்டுப் பிரஜாவுரிமை எடுக்கலாம் என்றது. கல்யாணமானவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முந்தைய 7 வருஷம், மற்றவர்கள் 10 வருஷம் தொடர்ந்து இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். ஊருக்குப் போய் ஒரே தடவையில் 12 மாசத்துக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி முறிந்தது. விண்ணப்பிக்க இரண்டு வருஷம், 1951 ஆகஸ்ட் வரை. சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேர் கேட்டார்கள். கடைசியில் கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

எடுக்கிற சட்டத்தில் நம்ம பேர் இல்லை. கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிற சட்டத்தில் நம்ம பேர் இருக்கிறது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், வழக்கில் இது திரும்ப வரும்.

கோடாக்கன் பிள்ளை வழக்கு

சோல்பரி யாப்பில் 29(2) என்று ஒரு பிரிவு இருந்தது. ஒரு சமூகத்தாருக்கு மட்டும் ஒரு தடையை அல்லது குறைபாட்டைச் சுமத்தி, மற்றச் சமூகத்தாருக்கு அது இல்லாத மாதிரிப் பாராளுமன்றம் சட்டம் இயற்ற முடியாது. இயற்றினால் அந்தச் சட்டம் செல்லாது. சிறுபான்மைக்குக் காப்பு என்று சொல்லி வைக்கப்பட்ட பிரிவு இது.

ருவன்வெல்லைத் தொகுதியில் கோடாக்கன் பிள்ளை என்பவர் தன் பேரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கக் கேட்டார். பிரஜை என்று காட்டவில்லை என்று பதிவு அதிகாரி முதனாயக்க மறுத்தார். விஷயம் இடாப்பைத் திருத்தும் அதிகாரி சிவஞானசுந்தரத்திடம் போனது. அவர் எழுதிய முடிவு இதுதான்: இந்தச் சட்டங்கள் இந்தியத் தமிழ்ச் சமூகத்தின் மேல் ஒரு தடையைச் சுமத்துகின்றன, ஆகவே 29(2)க்கு முரண், ஆகவே செல்லாது. பேரைச் சேருங்கள் என்றார்.

ஒரு நிமிஷம் இங்கே நிற்கலாம். இவர் பெரிய நீதியரசர் இல்லை. வாக்காளர் இடாப்பைச் சரிபார்க்கிற அதிகாரி. பாராளுமன்றச் சட்டத்தைச் செல்லாது என்று சொல்கிற தீர்மானம் அந்த மேசையிலிருந்து வந்தது. வரலாற்றைப் பேசும்போது நாம் லண்டன் தீர்ப்பை மட்டும் சொல்கிறோம். ஒரே ஒரு படியில் நம்ம பக்கம் தீர்ப்பு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பதிவு அதிகாரி உயர் நீதிமன்றம் போனார். 1951இல் உயர் நீதிமன்றம் சிவஞானசுந்தரத்தின் முடிவை ரத்துச் செய்தது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கின்றன, அவை எந்தச் சமூகத்தையும் பேர் சொல்லிக் குறிக்கவில்லை, சொற்கள் தெளிவாக இருக்கும்போது வெளியே போய் நோக்கம் தேட வேண்டியதில்லை என்ற வழியில் அந்தத் தீர்ப்புப் போனது.

அடுத்தது லண்டன். பிரிவிக் கவுன்சில், பழைய சட்டப் புத்தகங்களில் கோமறைக் கழகம். 1953இல் அதுவும் மேன்முறையீட்டைத் தள்ளியது. ஆனால் அது சொன்ன விதம் வேறு, அதைத்தான் இளைஞர்களான நாம் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரு சட்டம் நேரடியாகத் தடையை மீறாமல், சுற்றுவழியில் அதே விளைவைக் கொண்டுவந்தால், அந்தச் சட்டமும் செல்லாமல் போகலாம் என்று பிரிவிக் கவுன்சில் ஒத்துக்கொண்டது. எழுத்து மட்டும் போதாது, விளைவையும் பார்க்கலாம் என்ற கதவை அது திறந்தது. திறந்துவிட்டு, இந்த வழக்கில் அப்படி நடக்கவில்லை என்றது.

அதற்குச் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று: யார் பிரஜை என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் இயல்பான வேலை, இந்தியத் தமிழர் போவதும் வருவதுமாக இருக்கிற பழக்கம் அந்தத் தீர்மானத்துக்குப் பொருத்தமான விஷயம். இரண்டு: 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தைப் பாருங்கள், நாட்டோடு போதிய தொடர்பு உள்ளவர்களுக்கு வழி வைத்திருக்கிறார்கள், ஆகவே ஒரு சமூகத்தை ஒதுக்கும் நோக்கம் இல்லை.

பேர் சொல்லி வந்த சட்டம் நல்லெண்ணத்துக்குச் சாட்சியாக நின்றது. யாருடைய பேர் எடுக்கப்பட்டதோ அவர்களுக்காகத்தான் இந்தச் சட்டமே எழுதப்பட்டது என்ற உண்மை, எதிர்ப்பக்கத்துக்குச் சாட்சியாகவில்லை. 1953இல் அந்த விண்ணப்பங்களில் எத்தனை தள்ளப்படும் என்று நீதிபதிகளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது திறந்த கதவு. அந்தக் கதவால் எத்தனை பேர் போக முடிந்தது என்பது பிறகு வந்த கணக்கு.

"போவதும் வருவதும்" என்ற காரணத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் அறுவடைக்கு வந்து திரும்பிப் போனார்கள், அது உண்மை. ஆனால் கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தபிறகு வேலை வருஷம் முழுக்க ஆனது. தேயிலைக்குப் பருவ ஆள் போதாது, குடும்பமாகத் தங்குகிற ஆள் வேண்டும். லயங்கள் அதற்காகத்தான் கட்டப்பட்டன. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். பயிர் மாறிப் பல தலைமுறை ஆனபிறகும் தீர்ப்பில் கோப்பிக் காலத்து ஆள்தான் நின்றுகொண்டிருந்தார்.

நீதிபதிகள் பக்கம் ஒரு வார்த்தை

இந்தத் தீர்ப்பை இனவாதத் தீர்ப்பு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சுலபம். நாங்கள் அப்படி முடிக்கவில்லை. அந்தப் பக்கத்து வாதத்துக்கும் கனம் இருக்கிறது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற எந்த நாடும் பிரஜை யார் என்று ஒரு கோடு போட்டே ஆக வேண்டும். எங்கே போட்டாலும் யாராவது வெளியே நிற்பார்கள். சட்டம் இயற்றியவர்களின் மனசுக்குள் என்ன இருந்தது என்று நீதிபதிகள் தேட ஆரம்பித்தால், அவர்களுக்குப் பிடிக்காத எந்தச் சட்டத்தையும் தள்ளிவிடலாமே? "எழுத்தைப் படி" என்ற விதி, பல சமயம் பலமில்லாதவனுக்கும் காப்புத்தான். பிரேஸ்கேர்டில் வழக்கு ஒரு தேசாதிபதியின் ஓடர் பற்றியது, இதுவோ பாராளுமன்றத்தின் சட்டம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதும் சரிதான்.

ஆனால் 29(2) என்ற பிரிவு எதற்கு இருந்தது? பாராளுமன்றத்தையே கேள்வி கேட்கத்தான். பெரும்பான்மை ஒரு சமூகத்தை ஒதுக்க நினைத்தால், அதைப் பேர் சொல்லி எழுதுகிற அளவுக்கு யாரும் வெகுளியாக இருக்க மாட்டார்கள். பேர் சொன்னால் மட்டும்தான் தடை என்றால் அந்தப் பிரிவு எந்தச் சட்டத்தையும் தடுக்கப்போவதில்லை. இதைப் பிரிவிக் கவுன்சிலும் உணர்ந்திருந்தது. அதனால்தான் சுற்றுவழியைப் பற்றிப் பேசியது. விதியைச் சரியாகச் சொல்லிவிட்டு, தன் முன்னால் இருந்த மனுஷரிடம் அதைப் பொருத்தாமல் விட்டது.

தீர்ப்புக்குப் பிறகு

1952 தேர்தலில் தலவாக்கலை என்ற தொகுதி இருந்தது. மலையும் ரயில் பாதையும் கொத்மலை ஓயாவும் இருந்த இடத்திலேயே இருந்தன. 1947இல் வாக்களித்தவர்களில் பெரும்பாலானோர் பேர்தான் இடாப்பில் இல்லை. அந்த வருஷம் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் செய்தது. நிலைமை மாறவில்லை. மலையகத் தமிழர் தங்கள் வாக்கால் ஒரு பிரதிநிதியைத் தெரிவுசெய்ய 1977வரை, நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் வெல்லும்வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

1964ஆம் ஆண்டில் இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று பிரிவிக் கவுன்சிலிலிருந்து, ரணசிங்க என்பவரின் இலஞ்ச வழக்கில். வழக்குக்கும் நமக்கும் சம்பந்தமில்லை. ஆனால் போகிற போக்கில் நீதிபதிகள் 29(2)ஐப் பற்றிப் பேசினார்கள்: இது இலங்கைப் பிரஜைகளுக்குள் செய்துகொள்ளப்பட்ட உரிமைச் சமநிலை, அவர்கள் அந்த யாப்பை ஏற்றுக்கொண்டதற்கு அடிப்படையே இதுதான் என்ற பொருளில் ரொம்ப உயர்வாகச் சொன்னார்கள். "பிரஜைகளுக்குள்" என்ற சொல்லைப் பாருங்கள். 1948இல் யார் அந்தச் சொல்லுக்கு வெளியே தள்ளப்பட்டார்களோ, அவர்களுக்கு அந்தச் சமநிலையில் பங்கில்லை.

மற்றத் தாள் அக்டோபர் 30ஆம் திகதி புதுடில்லியில் கையெழுத்தானது. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கு. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்த மிச்சத்தை 1974இல் இன்னொரு ஒப்பந்தம் ஆளுக்குப் பாதி 75 ஆயிரம் என்று பிரித்தது. கேஸ் தோற்றதால் வந்த உத்தரவு இல்லை இது. ஆனால் "பிரஜை இல்லை" என்ற தீர்ப்பு அங்கே இருந்ததால்தான் இரண்டு அரசாங்கம் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, கேட்காமலேயே ஆட்களைப் பங்குபோட முடிந்தது. ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போட், தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று குடும்பங்கள் உடைந்த கதை நம்ம எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும்.

1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு போவது நிறுத்தப்பட்டது. 1972 குடியரசு யாப்பில் 29(2) இல்லாமல் போனது. மாற்றவே முடியாத அடிப்படை என்று எட்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லப்பட்ட பிரிவு அது. பிரிவிக் கவுன்சில் திறந்து வைத்த அந்தச் சுற்றுவழிக் கதவு, யாரும் நுழைவதற்கு முன்னாலேயே சுவரோடு சேர்த்து எடுக்கப்பட்டது.

தீர்ப்புக்குப் போகாத ஓடர்

தலவாக்கலைக்கு வந்த ஓடர்களைப் பேசும்போது 1977ஐ விட முடியாது. தோட்டங்கள் அரசுடைமையான காலம். நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் 7000 ஏக்கரை எடுத்து வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்க முடிவானது. தாளில் அது காணிப் பகிர்வு, கேட்பதற்கு நல்ல சொல். தோட்டத்தில் இருந்தவருக்கு அதன் அர்த்தம், நாளைக்கு வேலை செய்ய மலை இல்லை, இருக்க லயம் இல்லை என்பது. காணி பெறுகிற பட்டியலில் வருவதற்கு அவர்களில் பலர் பிரஜைகளும் இல்லை. தொழிலாளர்கள் எதிர்த்து நின்றார்கள். மே 11ஆம் திகதி தலவாக்கலை டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் இறந்தார். மலையகம் கொதித்தது. காணி எடுக்கும் திட்டம் நின்றுபோனது.

இந்த ஓடரை ஒரு நீதிமன்றமும் செல்லாது என்று சொல்லவில்லை. சட்டத்தின் வழி அடைபட்டிருந்த இடத்தில், ஒரு உயிர் போன பிறகு அது செல்லாமல் போனது. இதை வீரக்கதையாக மட்டும் சொல்வதில் நமக்குத் தயக்கம் இருக்கிறது. ஓட்டும் வழக்கும் கையில் இருந்த சமூகம் என்றால் அந்த இளைஞர் உயிரோடு இருந்திருக்கலாம்.

ஒரு திருத்தம், அதே ஆட்கள்

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. 1964 அக்டோபர் 30 தொடக்கம் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் வழிவந்தவர்களும் பிரஜைகள் என்றது. ஒப்பந்தம் கையெழுத்தான அதே திகதி. அன்றைக்குப் பங்குபோடப்பட்டவர்களில் இங்கேயே இருந்தவர்கள், 39 வருஷம் கழித்து அதே திகதியைக் காட்டி உள்ளே எடுக்கப்பட்டார்கள்.

"நிரந்தரமாக வாழ்ந்தவர்" என்ற சொல்லைப் பாருங்கள். "போவதும் வருவதுமான" ஆட்கள் என்று 1953இல் எழுதப்பட்ட அதே சமூகம்தான். அதே மலை, அதே லயம், அதே வேலை. ஆட்கள் மாறவில்லை, அவர்களைப் பற்றி எழுதுகிற சொல் மாறியது. அந்தச் சொல் மாறும்வரை இரண்டு தலைமுறை, பாஸ்போட் எடுக்கவோ அரசாங்க வேலைக்கு மனுப் போடவோ முடியாமல் வாழ்ந்து முடித்துவிட்டது.

எப்படிப் படிப்பது

எங்கள் கூட்டத்தில் இதைப் பேசும்போது ஒரு கேள்வி வந்தது: "சரி, இதெல்லாம் தெரிஞ்சு இப்ப என்ன பண்றது?" நியாயமான கேள்வி. எங்களுக்குக் கிடைத்த பதில் சின்னது. ஓடர் வந்திருக்கு என்று கேள்விப்பட்டால், முதலில் தாளைக் கேட்க வேண்டும். யாரோ சொன்ன சுருக்கத்தையோ வாட்ஸ்அப்பில் வந்த படத்தையோ வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

தாள் கையில் வந்தால் எழுத்தை முதலில் படிக்க வேண்டும். யார் கையெழுத்து? எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவின் கீழ்? எந்தத் திகதியிலிருந்து? இது கட்டளையா, இடைக்கால உத்தரவா, முடிந்த தீர்ப்பா? மேன்முறையீட்டுக்கு எத்தனை நாள்? இடைக்காலத் தடை வந்ததும் "முடிஞ்சிருச்சு" என்று வீட்டுக்குப் போய்விட்டால், வழக்கு முடிவதற்கு முன்னாலேயே நம்ம பக்கம் முடிந்துவிடும். பிரேஸ்கேர்டிலுக்கு உதவியவர்கள் முதலில் செய்தது இந்த வேலைதான்: தேசாதிபதிக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று 1896ஆம் ஆண்டுத் தாளைத் தேடிப் படித்தார்கள்.

அப்புறம் எழுத்துக்கு வெளியே வர வேண்டும். இந்தத் தாளில் பேர் இல்லாத யாரைப் போய் இது தொடும்? "எல்லாருக்கும்" என்று எழுதியிருக்கிற இடத்தில், எந்த எல்லாரிடம் அந்தச் சான்றிதழ் இல்லை? விலாசம் இல்லாதவர் யார், காணி உறுதி இல்லாதவர் யார்? லயத்து அறைக்கு உறுதிப்பத்திரம் கேட்கிற எந்தப் படிவமும், அதை எழுதியவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேலையைத்தான் செய்கிறது. கோடாக்கன் பிள்ளை வழக்கில் திருத்தும் அதிகாரி சிவஞானசுந்தரம் கேட்டதும் இந்தக் கேள்விதான்.

1953இல் கோடாக்கன் பிள்ளையிடம் இல்லாத சிலது இன்று நம்மிடம் இருக்கிறது. நாம் பிரஜைகள். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் ஆட்சிமொழி, ஆகவே ஓடரைத் தமிழில் தாருங்கள் என்று கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்திடமோ தொழில் திணைக்களத்திடமோ தாளின் பிரதி கேட்டு விண்ணப்பம் போடலாம். தலவாக்கலையில் ஏ.எல். முடித்த ஒரு பிள்ளையால் அந்த விண்ணப்பத்தை எழுத முடியும். நம்மில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்?

1700 ரூபா வர்த்தமானியையும் தடையுத்தரவையும் செப்டெம்பர் வர்த்தமானியையும் வரிசையாக வைத்துப் படிக்க ஆரம்பித்திருக்கிறோம். மூன்றிலும் எழுதியிருப்பது ஒரு பக்கம். மறுபக்கம், அந்த மாசங்களில் நம்ம வீட்டுக்கு வந்த சம்பளச் சிட்டைகள். உங்கள் வீட்டிலும் அந்தச் சிட்டைகள் இருக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.